புழு டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் அண்ணன் அவளுக்கு வைத்த பேர் புழு டாக்டர். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மூடிக்கிடந்த சுரங்கத்தை ஒட்டி அண்ணன் வீடு வாங்கியதும், கொல்லையில் கீரை போடலாமா என்று அண்ணி அவளைத்தான் கேட்டாள். ஒரு கொத்து கொத்திப் பார்த்தாள். கொழுகொழுவென்று மண்புழுக்கள் நெளிந்தன. புழு வாழும் மண்ணில் பயமே வேண்டாம், தாராளமாகப் போடுங்கள் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டாள்.

கீரை வளர்ந்து, அண்ணன் மகள் அதை ஆசையாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான், ஆய்வுக்கு ஆகுமே என்று அந்தக் கொல்லைப் புழுக்களைப் பிடித்துவந்து சோதித்தாள். ஆர்சனிக் எக்கச்சக்கம். புழுக்கள் பரம்பரை பரம்பரையாக அந்த மண்ணில் கிடந்து விஷத்துக்குப் பழகியவை. குழந்தைக்கு அந்தப் பழக்கம் ஏது?

அப்போதே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சோதனைக்கு அரைப்பதற்கு முன் புழுக்களை ஈரத்தாளில் விட்டு, வயிற்று மண்ணைக் கழிய வைப்பது முறை. அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டோமே, அந்த மண்தான் அளவை ஏற்றியிருக்கும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டினாள். புழு வயிற்றுக்குள் மண் வானத்திலிருந்தா வந்தது? அதே கீரைப் பாத்தி மண்தானே. படித்தவளுக்கு இது உறைக்கவில்லை. உறைக்க அவள் விடவில்லை. மறுபடி போய்ப் புழு பிடித்து, முறைப்படி கழிய வைத்து, மண்ணையும் சேர்த்துச் சோதித்தாள். இரண்டிலும் விஷம் இருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மனசு அறுத்துக்கொண்டே வந்தது. அடுப்படியில் நின்ற அண்ணியிடம் மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி அடுப்பை அணைத்து, சட்டியில் இருந்ததைக் குப்பையில் கொட்டினாள். நாளைக்கே குழந்தையை டாக்டரிடம் காட்டலாம், நானே கூட்டிப்போகிறேன் என்று இவள் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அண்ணி நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை.

"ரெண்டாவது தடவ புழு பிடிக்க வந்தியே, அன்னைக்கு இங்கதான சாப்பிட்ட?"

"ஆமா அண்ணி."

"வயிறு சரியில்லன்னு கீரைய மட்டும் ஒதுக்குன."

அவள் குப்பையில் கிடந்த கீரையைப் பார்த்தாள்.

"நீ ஒதுக்குனத பாப்பாதான் உன் தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னா," என்றாள் அண்ணி. "பாத்துக்கிட்டுதான இருந்த?"