ஆஞ்சலா தொடாத டப்பா

காலை ஆறரைக்கு மாடியில் ரெமிஜியஸ் அந்தப் பிளாஸ்டிக் குடுவையைக் குலுக்குவார். கடகடவென்று ஒரு நிமிடம். கீழ்வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் கிளெமென்டுக்குச் சத்தம் கேட்டதும் பிரஷ் ஈறில் குத்தும். மூன்று வருடமாகக் குத்துகிறது.

இருவரும் சகலைகள். தொம்மலூரில் மாமனார் கட்டிய வீடு. மாடி மூத்தவள் ஜூலியாவுக்கு, கீழ்வீடு இளையவள் ஆஞ்சலாவுக்கு. ரெமிஜியஸ் இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாற்காலி தேய்ப்பவர்; வயது நாற்பத்தெட்டு. கிளெமென்ட் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், அவரைவிட மூன்று வயது இளையவர். யாருக்குத் தொப்பை இருக்க வேண்டும், யாருக்கு இருக்கக்கூடாது என்பதில் ஒரு நியாயம் உண்டு. அது அந்த வீட்டில் தலைகீழாகக் கிடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரெமிஜியஸும் தொப்பையோடுதான் இருந்தார். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் எச்சரித்தார். மனுஷன் பின்தெரு ஜிம்மில் சேர்ந்தார். எடை தூக்கினார். சோற்றைக் குறைத்தார், பருப்பையும் முட்டையையும் கூட்டினார். தினமும் காலையில் ஒரு கரண்டி வே புரோட்டீன் என்ற புரதப் பொடியைக் குடுவையில் குலுக்கிக் கரைத்துக் குடித்தார். பசி கட்டுக்குள் வந்தது, வயிறு உள்ளே போனது, தோள் அகன்றது. கோயிலில் பெண்கள் ஜூலியாவிடம், உங்க வீட்டுக்காரரா உங்க தம்பியா என்று கேட்டுச் சிரித்தார்கள். அதைக்கூடக் கிளெமென்ட் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாதது பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை ஊர்வலத்தில் பங்குக் கோயிலின் பெரிய மரச்சிலுவையை எட்டு வருடம் சுமந்தவர் கிளெமென்ட். போன வருடம், வழியில் நின்று ஜெபிக்கும் பதினான்கு நிலைகளில் ஐந்தாவதற்குள் மூச்சு வாங்கிக் கால் இடறியது. பக்கத்தில் வந்த ரெமிஜியஸ் சிலுவையை வாங்கித் தோளில் போட்டு, பதினான்காம் நிலைவரை ஒரு முக்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அன்று ஆஞ்சலா சொன்னாள், "அத்தானுக்கு எப்படி இப்படி ஒரு தெம்பு வந்துச்சு பாருங்க." வேறு எவர் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பார்.

அதற்குப் பிறகு கிளெமென்ட் ஸ்டாஃப் ரூமில் பேச்சுவாக்கில் சகலையைப் பற்றி விதைத்தார். அது ஊசி போட்ட உடம்பு, காற்றடைத்த பலூன், அந்தப் பொடியால் கிட்னி போகப் போகிறது பாருங்கள். கேட்டவர்கள் நம்பினார்கள். பி.டி. மாஸ்டருக்குத் தெரியாததா?

இந்த ஜனவரியில் ஆஞ்சலாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை தொடுவதில்லை என்று அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். நோயாளிக்கு நோன்புக் கடமை இல்லை என்று ஃபாதரே சொன்னார். அவள் கேட்கவில்லை. மாதாவுக்குக் கொடுத்த வாக்கு. திருநீற்றுப் புதன் தொடங்கி ரசமும் சோறும், ஊறுகாயும் சோறும்.

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் இளவேனில் ஒரு வழி சொன்னாள். திருப்பத்தூர்க்காரப் பெண். பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர் தாராளமாகச் சாப்பிடுங்கள். பசி இல்லை என்பதால் தினம் ஒரு கரண்டி வே புரோட்டீனும் சேருங்கள் என்றாள். மறுநாளே ஜூலியா புது டப்பா ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தாள். ரெமிஜியஸ் குடிக்கும் அதே வகை.

கிளெமென்ட் பள்ளியிலிருந்து வந்து டப்பாவைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் படித்தார். பாலிலிருந்து எடுத்தது என்று அதிலேயே போட்டிருந்தது. படித்தார், புரிந்தது. இனி இந்த வீட்டிலும் காலையில் கடகட. இவளும் தேறிவிட்டு, அத்தான் கொடுத்ததுதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது என்று கோயில் வாசலில் நின்று சொல்வாள். அந்தக் காட்சி கண்முன்னால் ஓடியது.

"ஆஞ்சி, இத நீ குடிக்கப் போறியா?"

"அக்கா கொண்டாந்துச்சு. ஏன்?"

"இல்ல, மாட்டெலும்ப அரைச்சுப் பண்றது. ஸ்கூல்ல சயின்ஸ் மிஸ் சொன்னாங்க. நேர்ச்சை உன்னோடது. உன் இஷ்டம்."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, தடுக்கவில்லை. ஆஞ்சலா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டாள். அக்கா மனசு நோகும் என்று, கேட்டபோதெல்லாம் குடிக்கிறேன் என்றாள். பருப்பும் சுண்டலும் வயிற்றை உப்பவைக்கிறது என்று அதையும் குறைத்தாள்.

மூன்று வாரத்தில் அவள் வளையல் முழங்கை வரை ஏறியது. தையல் போட்ட இடத்தில் ஒரு ஓரம் ஆறாமல் கசிந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. கிளெமென்ட் பார்த்தார். ஆபரேஷன் ஆன உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அலமாரிப் பக்கம் மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்காம் வெள்ளி மாலை கோயிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு நிலைக்கும் முழந்தாளிட்டு எழ வேண்டும். ஒன்பதாம் நிலையில் எல்லோரும் எழுந்தார்கள். ஆஞ்சலா எழவில்லை. முன்பெஞ்சைப் பிடித்தாள், கை நழுவியது, பக்கவாட்டில் சரிந்தாள். கிளெமென்ட் குனிந்து தூக்கப் பார்த்தார். பதற்றத்தில் முடியவில்லை. ரெமிஜியஸ்தான் வந்து அள்ளி எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். பின்னால் ஓடிய கிளெமென்டுக்கு அப்போதும் முதலில் வந்தது எரிச்சல்தான். ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் பயம் வந்தது. தலை ஒரு தேங்காய் மூடி கனம்கூட இல்லாததுபோல் இருந்தது.

டாக்டர் பரிசோதித்தார். ரத்தத்தில் புரதம் குறைவு, சதை கரைந்திருக்கிறது, புண்ணில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். இளவேனில் வந்தாள். கட்டிலைச் சுற்றி மற்ற மூவரும் இருந்தார்கள்.

"தினம் ஒரு கரண்டி எடுத்திருந்தா இவ்ளோ குறைஞ்சிருக்காதேங்க. நிஜமா குடிச்சீங்களா?"

ஆஞ்சலா அக்காவைப் பார்த்தாள். "குடிக்கல மேடம். எலும்புப் பொடின்னாங்க. நான் நேர்ச்சைல இருக்கேன்."

"யாரு சொன்னது?"

"யாரோ. கோயில்ல."

இளவேனிலுக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டாள். "ஆஞ்சலாக்கா, பால் திரிஞ்சா பன்னீர் ஒதுங்கி ஒரு தண்ணி நிக்கும்ல? அதுல இருக்கிற புரதம் இது. உடம்பு தானா செஞ்சுக்க முடியாத சத்தெல்லாம் இதுல இருக்கு, சீக்கிரம் செரிக்கும். புண்ணு ஆறவும் சதை நிக்கவும் புரதம் வேணும். வெறும் ரசஞ்சோறு தின்னா உடம்பு தன் சதையையே எடுத்துத் திங்கும். இது மட்டுமே சாப்பாடு ஆகாது, சாப்பாட்டோட சேத்து. கிட்னிக் கோளாறு இருக்கிறவங்க டாக்டரக் கேக்காம தொடக் கூடாது. உங்க ரிப்போர்ட் பாத்துத்தான் சொன்னேன்."

கிளெமென்ட் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. மனைவி தன்னைக் காப்பாற்றுகிறாள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கோயில்ல யாரும் சொல்லலைங்க. நான்தான் சொன்னேன்" என்றார். "பாலுன்னு டப்பால படிச்சுட்டுத்தான் சொன்னேன்."

ஜூலியா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏன் சகலை?" என்றார் ரெமிஜியஸ். கேட்டதுமே அவருக்கே காரணம் புரிந்திருக்க வேண்டும். அவர் திட்டியிருந்தால் கிளெமென்டுக்குத் தேவலை. நான் போய் டீ வாங்கிட்டு வரேன் என்று வெளியே போனார்.

ஆஞ்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த காலையில் கிளெமென்ட் டப்பாவை இறக்கி, பாலில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். கட்டி கட்டியாக வந்தது. ஸ்பூனால் ஒவ்வொரு கட்டியையும் நசுக்கிக் கரைத்துக் கொண்டுபோய் நீட்டினார். அவள் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தானப் பாத்துப் பொறாமைப்பட்டது நீங்க. பட்டினி கெடந்தது நானு."

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

ஈஸ்டருக்குள் புண் ஆறியது. ஆஞ்சலா மாடிப்படி ஏறி அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். ஒரு கரண்டிப் பொடி மட்டும் செய்த வேலை அல்ல. பருப்பும் பன்னீரும் தயிரும் சேர்ந்து செய்தது. ஆனால் ஸ்டாஃப் ரூமில் விதைத்ததும் ஆஞ்சலாவிடம் சொன்னதும் சேர்ந்து, கிளெமென்டின் பொய் அதற்குள் பங்குக் கோயில் முழுக்கச் சுற்றியிருந்தது.

ஈஸ்டர் பூசை முடிந்து வாசலில் நின்றபோது கிளிஃபர்ட் வந்தார். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். மனைவிக்குப் பெரிய காய்ச்சல் விட்டு உடம்பு தேறவில்லையாம். டாக்டர் வே புரோட்டீன் எழுதிக் கொடுத்தாராம்.

"மாட்டெலும்பாமே அது, கிட்னிய வேற புடுங்கிடுமாமே மாஸ்டர்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு கேக்கறேன்."

பத்தடி தள்ளி ரெமிஜியஸ் நின்றிருந்தார். காதில் விழும் தூரம். கிளெமென்ட் குரலைத் தாழ்த்தவில்லை.

"எலும்பு இல்ல கிளிஃபர்ட், பாலு. அந்தக் கதையக் கட்டுனவன் நான்தான். சகலை நல்லா இருக்கிறது பொறுக்காம கட்டுனேன், எம் பொண்டாட்டி விழுந்தா. டாக்டர் அளவு சொல்லியிருப்பாருல்ல, அதும்படி கொடுங்க. ஒடம்புக்கு எது நல்லதுன்னு படிச்சவங்களக் கேளுங்க. வயிறெரியறவனக் கேக்காதீங்க."