பச்சை ஸ்வெட்டர் – ஒன்று

மூன்று நாட்களாக யாத்விகா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை மதியம், மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் ட்ராலிபஸ்களின் டிப்போ வாசலில் சம்பளம் கேட்டுச் சத்தம் போட்ட ஓட்டுநர்களில் ஐந்து பேரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. காவல் நிலையங்களுக்கு ஃபோன் செய்தால் ஒரே பதில்தான்: "ஃபோன்ல எதுவும் சொல்ல மாட்டோம்." எனக்கு ஃபோனில் பேச வராது. வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அவள்தான் கூப்பிடுவாள். அவளைத் தேடுவதற்கும் அவளே தேவைப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு லாக்கப்பிலும் புதன்கிழமை இன்னொன்றிலும் அப்படி யாரும் இல்லை என்றார்கள். வியாழன் காலை, ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய சிறைக்குப் போனேன். உள்ளே இருப்பவர்களுக்குப் பொருள் கொடுக்கும் சன்னல் முன்னால் இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆண் நான் ஒருவன்தான்.

"யாரு உள்ள?" என்று கேட்டாள் எனக்கு முன்னால் நின்றவள். ரோஜா நிறக் கம்பளித் தொப்பி. ரெகீனா என்று பெயர். அவள் மகன் இலையுதிர் காலத்திலிருந்தே உள்ளே இருக்கிறானாம்.

"மனைவி. இங்கதான் இருக்காளான்னு கேக்கணும்."

"கேட்டா சொல்லுவாங்களா? பேரை எழுதி பையைத் தள்ளு, தம்பி. வாங்கிக்கிட்டா இருக்கான்னு அர்த்தம். திருப்பி எறிஞ்சா வேற இடம் பாரு." என் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "அட கடவுளே! மிட்டாயைக் காகிதத்தோடயா கொண்டு வந்த? டீத்தூளையும் டப்பாவோட! பிரிக்காத எதையும் உள்ள விட மாட்டாங்க. அக்கா, இங்க பாருங்க, பிறந்தநாளுக்கு வந்திருக்கார் மாப்பிள்ளை!"

வரிசை முழுவதும் சிரித்தது. ஆனாலும் நான்கைந்து பேர் கையுறையைக் கழற்றிவிட்டு, என் மிட்டாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டார்கள். நான் கொண்டு வந்திருந்த உப்பிட்ட பன்றிக் கொழுப்பை ஒருத்தி துண்டு போட்டாள். பொருள்களின் பட்டியலை இரண்டு பிரதி எழுதச் சொன்னாள் ரெகீனா. ஒன்று உள்ளே போய், கைதியின் கையெழுத்தோடு திரும்பி வருமாம்.

சன்னலுக்குள் இருந்த பெண், பட்டியலின் மேலே நான் எழுதியிருந்த 'யாத்விகா கோர்சாக்' என்ற பெயரைப் படித்தாள். ஒரு நோட்டில் விரலை ஓட்டினாள். அந்த விரல் ஓரிடத்தில் நின்றது. பை உள்ளே போய்விட்டது.

"பாத்தியா!" என்று ரெகீனா என் முதுகில் அடித்தாள்.

இரண்டு மணி நேரம் சுவரோரமாக நின்றேன். பதினொன்றரைக்குப் பட்டியல் திரும்பி வந்தது. அடியில், 'எல்லாம் கிடைத்தது. யா. கோர்சாக்.'

அது அவள் எழுத்தில்லை.

யாத்விகாவின் எழுத்துகள் நிமிர்ந்து நிற்கும், வரிசையில் இடம் விடாதவர்களைப் போல. இது கோணல் மாணலாகச் சரிந்து கிடந்தது. சன்னலில் சொன்னேன்.

"கையெழுத்து இருக்கில்ல? வேற என்ன வேணும் உனக்கு? அடுத்தவங்க!"

பெண்கள் தாளைக் கைமாற்றிப் பார்த்தார்கள். அதே பெயரில் வேறொருத்தி இருக்கலாம் என்றாள் ஒருத்தி. காவலாளியே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொழுப்பைத் தின்றிருப்பான் என்றாள் இன்னொருத்தி. மூன்றாவதாக ஒருத்தி வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் சொல்லாததுதான் என்னோடு வந்தது.

நாலாம் எண் ட்ராலிபஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அது அவள் ஓட்டும் தடம். ஏதாவது எழுதிக் கேட்கலாமென்றால், பட்டியலில் பொருள்களைத் தவிர ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. அலமாரியைத் திறந்து வெகுநேரம் நின்றேன். அவளுடைய ஸ்வெட்டர் மடித்தபடி இருந்தது. பதினோரு வருடமாக அதைப் பற்றி எங்களுக்குள் சண்டை. நான் பச்சை என்பேன். அவள் நீலம் என்பாள். ஒருமுறை விருந்தாளிகளையெல்லாம் சன்னலருகே கூட்டிக்கொண்டு போய் வாக்கெடுப்பே நடத்தினாள். தோற்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு மணிக்கு மறுபடியும் வரிசையில் நின்றேன். ரெகீனாவும் தன் தாளுக்காக இன்னும் அங்கேயே காத்திருந்தாள். பட்டியலில் ஒரே வரி எழுதினேன்: 'பச்சை ஸ்வெட்டர் – ஒன்று.' சன்னல் பெண் தலையை நிமிர்த்தாமலேயே தையல்களைத் தடவிப் பார்த்தாள். "ஸ்வெட்டர் ஒண்ணு. சரி."

பிறகு காத்திருப்பு. ரெகீனா ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேறொருத்திதான் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றும். அடுத்த கணம், யாருமே போட்டுக்கொள்ளவில்லையோ என்று தோன்றும்.

நான்கு மணிக்குச் சன்னல் மூடுவார்கள். நான்காக ஐந்து நிமிடம் இருக்கும்போது, "கோர்சாக்!" என்று கூப்பிட்டார்கள்.

'பச்சை' என்ற சொல்லின்மேல் இரண்டு கோடுகள். அதற்கு மேலே, அதே கோணல் எழுத்தில், 'நீலம்.'

"என்ன தம்பி, அவதானா?"

"அவதான்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோடு போட்டால் தாள் கிழியும். இவை நடுங்கின. ஒவ்வோர் எழுத்தும் முதன்முறை எழுதுகிறவரின் எழுத்தைப் போல இருந்தது. இடது கை. நீலம் என்று சொல்வதற்காக இடது கையால் எழுதியிருக்கிறாள்.

சன்னலின் மரப்பலகை இறங்க ஆரம்பித்தது. விளிம்பில் என் கையை வைத்தேன். பலகை விரல்கள்மேல் வந்து நின்றது.

"கையை எடுய்யா! நேரம் முடிஞ்சுது."

"அவ வலது கைக்கு என்ன ஆச்சு?"

"நாளைக்கு வா."

"டாக்டர் பாத்தாரான்னு சொல்லுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிறகு ரோஜா நிறத் தொப்பி என் தோளருகே வந்து, தன் கையையும் அந்த விளிம்பில் வைத்தது.

"கையை எடுங்க ரெண்டு பேரும்!"

எடுக்கவில்லை.