கொழுப்பு

காப்பீட்டு மேசையில் இருந்த பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். காரணம்: நோயாளிக்கு நெடுநாளாகக் கொழுப்பு இருப்பது மறைக்கப்பட்டுள்ளது.

"யாருக்குங்க கொழுப்பு?" என்றேன். அப்பாவின் உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. குடிநோய்ப் பிரிவில் சேர்த்த அன்று, எடை பார்த்த நர்ஸ் இயந்திரம்தான் கெட்டுவிட்டதென்று அதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"நேத்து கம்பெனிலேர்ந்து வீட்டுக்கு போன் பண்ணி விசாரிச்சிருக்காங்க மேடம். உங்கம்மாதான் சொல்லியிருக்காங்க."

அம்மா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சொன்னே?"

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன பிரச்சினைன்னு கேட்டான். கொழுப்புன்னேன். எத்தனை நாளாவாம். கல்யாணமான நாளாவேன்னேன். பொய்யா?"

மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், சாயங்காலத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் படுக்கையைக் காலி செய்ய வேண்டும் என்று அவள் அடுத்த மூச்சில் சொல்லாமல் இருந்திருந்தால். அப்பா இந்த முறை தானாகக் கிளம்பி வந்தவர். அதற்கு முன் இழுத்துக்கொண்டு போன இடங்களிலெல்லாம் சுவரேறிக் குதித்தவர்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். இது என் வேலையோடு வந்த காப்பீடு. அதனால் சட்டத்தைப் படித்துவிட்டே வந்திருந்தேன். உடம்புக்கு வரும் நோய்க்குத் தருவதை மனதுக்கு வரும் நோய்க்கும் தர வேண்டும், குடிக்கு அடிமையாவதும் அதில் சேர்த்தி, தர முடியாது என்று சொல்ல கம்பெனிக்கு உரிமை கிடையாது. குரலை உயர்த்தி ஒப்பித்தேன். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"சட்டம் நீங்க சொல்றதுதான் மேடம். நானும் மேல எழுதிட்டேன். இப்ப திரும்ப கூப்பிடுவாங்க. அம்மா சொன்னதை அம்மாவேதான் திருத்தணுமாம். கொழுப்பு இல்ல, குடிநோய். ஒரே வார்த்தைதான்."

அம்மா எழுந்துவிட்டாள். "நான் சொல்ல மாட்டேன்."

"அம்மா!"

"நோய்னா யார் மேலயும் தப்பில்லேன்னு ஆயிடுமேடி. காய்ச்சல்காரனை யாராவது திட்டுவாங்களா? என்னை அடிச்சது காய்ச்சலா?"

மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நோய், நோய் என்று கத்தினேனே தவிர, வீட்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயிலும் வருவது அம்மாவின் வார்த்தைதான்.

"சரி, கூட்டிட்டுப் போயிடலாம் வா. பழையபடி நீயே வச்சுப் பாத்துக்கோ."

அம்மா விறுவிறுவென்று வார்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா வீட்டுக்குக் கிளம்ப, நின்றபடி சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் உதறின. சேதி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"கொழுப்புன்னு சொன்னியாமே? எங்க இருக்கு, பாரு." மணிக்கட்டைக் கம்பி வழியாக நீட்டினார்.

"வாயில இருக்கு."

அப்பா சிரித்தார். பிறகு, வீட்டு விலாசம் சொல்வது போலச் சொன்னார்: "வெளிய விட்டா கால் நேரா அங்கதான் போகும். இப்பவே சொல்லிட்டேன்."

என் போன் அடித்தது. எடுத்து அம்மாவின் கையில் திணித்தேன். கம்பெனி ஆளின் குரல் எனக்கே கேட்டது.

"அம்மா, நேத்து பேசினது நீங்கதானே?"

"நாந்தான்."

"உங்க வீட்டுக்காரருக்கு என்னன்னு உங்க வாயால இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

அம்மா அப்பாவையே பார்த்தாள். ஒரு துளை மாறிப் போட்டதில் சட்டையின் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தொங்கியது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் கம்பிக்குள் விட்டு, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றத் தொடங்கினாள்.

"ஹலோ? அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள்.

மார்பு வரைக்கும் வந்திருந்தாள். அப்பா உதறும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையை உயர்த்தி, அசையாமல் நின்றார்.