கண்ணாடியோடு ஒட்டிய கலியாணப் படம்

சனூனின் கம்பியூட்டர் கடைக்குள் வந்ததிலிருந்து திரேசம்மா உட்காரவில்லை. அவன் கதிரையைக் காட்டியும் வாசலைப் பார்த்தபடியே நின்றாள். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியை எந்நேரம் மூடுவார்களோ, பேசாலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் கலியாணப் படம் கனடாவுக்குப் போய்விட வேண்டும். கணவர் எமிலியானுஸ் அங்கே போய்ப் பதினொரு வருடம். நாளைக்குத்தான் அவருக்குக் குடிவரவுக் கந்தோரில் விசாரணை. மனைவியைக் கூப்பிடுவதென்றால் கோயில் பதிவு மட்டும் போதாதாம், படமும் வேண்டுமாம்.

கொழும்பு வியாபாரி, பார்த்து ஒன்றை எடுக்கச் சொல்லி இரண்டு ஸ்கானர் அனுப்பியிருந்தார். தடித்ததைச் சனூன் திருப்பி அனுப்பப் பெட்டியில் கட்டிவிட்டான். மூன்று மணிக்கு லொறி.

"இந்த மெல்லிசுதான் எனக்குச் சரி, அக்கா. கம்பியூட்டரிலயே கரண்ட் எடுக்கும். திரும்பவும் ஓடச் சொன்னா இடுப்புச் சாரத்துக்குள்ள சுத்திக்கொண்டு போயிடலாம்."

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது வெறுங்கையோடு தீவை விட்டுப் போன குடும்பம் அவனுடையது. விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதே வருடம் சண்டைக்குத் தப்பிப் படகேறியவள்தான் திரேசம்மாவும். கடல்நீர் புகுந்த படத்தை இராமேஸ்வரத்து மணலில் சட்டத்தோடு வெயிலில் வைத்தாள். காய்ந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

சனூன் சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு மெல்லிய ஸ்கானரில் வைத்தான். திரையில் இரண்டு வெள்ளை மூட்டம்.

"இதென்ன, பேய்களுக்கோ கலியாணம்?"

"பகிடியை விடும், தம்பி. நேரம் போகுது."

"படம் தொட்டுக் கிடந்தாத்தான் இதுக்குக் கண் தெரியும். கண்ணாடி இடையில நிக்குது. கொஞ்சம் உரிச்சுப் பாப்பமா?"

மூலையில் நகத்தை வைத்தாள். மாப்பிள்ளையின் தோளில் ஒரு பொட்டுக் கறுப்புப் பெயர்ந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"மற்றதில வையும்."

"அதுக்கு எட்டத்திலயும் கண் தெரியும்தான். ஆனா லொறிக்காரன் வாற நேரம், அக்கா."

"பெட்டியைத் திறவும்."

தடித்ததற்குத் தனி வயர் வேண்டியிருந்தது. விளக்குச் சூடேறுவதற்குள் அவள் இரண்டு தரம் வாசலுக்குப் போய் வந்தாள். பிறகு திரையில் மேலிருந்து படம் இறங்கத் தொடங்கியது. கோயில் வாசல் வளைவு. அவளுடைய முக்காட்டு வலை. அவருடைய புருவம், அதில் தூண்டில் கிழித்த தழும்பு.

திரேசம்மா கதிரையில் உட்கார்ந்தாள்.

படத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, சனூன் மெல்லியதைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினான். வெளியே லொறி ஹோர்ன் அடித்தது.

"அதையெல்லோ வைச்சிருக்கப் போறனெண்டனீர்?"

"கடல் தண்ணி குடிச்ச படம் இந்தத் தீவில உங்ககிட்ட மட்டுமா இருக்கு? ஓட வேண்டி வந்தா இந்தப் பாரத்தை ஆர் தூக்குறது, அதுதான் யோசனை."

"ஒரு பக்கம் நான் பிடிக்கிறன்."

"நீங்க அப்ப கனடாவில நிப்பீங்க, அக்கா."

திரேசம்மா எழுந்து, மறுபடியும் வாசலைப் பார்த்தாள்.