சைபருக்கு வராத தராசு

சந்தியோகு கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து, அவருடைய மகள் டிலக்ஷி பக்கத்தில் நின்றால் எந்தத் தராசும் நூறு கிராம் கூடக் காட்டியது. குருநகரில் இதை மீன் விலை ஏறியதைப் போல இரண்டு கிழமை கதைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். சந்தையில் சில மீன் வியாபாரிகள் மற்றவர்களுக்கு நிறுக்கும்போது அவளைக் கிட்ட வந்து நிற்கச் சொன்னதும் உண்டு. சந்தியோகுவோடு முன்பு ஒரே படகில் தொழிலுக்குப் போய், இப்போது சந்தையில் மீன் விற்கும் லியோன் அப்படிப்பட்டவர் அல்ல. கூடவும் போடமாட்டார், குறையவும் போடமாட்டார். "தள்ளி நில்லும் பிள்ளை, உம்மடை கொப்பர் என்ரை தராசிலை ஏறி நிக்கிறார்" என்று சொல்லி, அவள் ஐஸ் பெட்டிகளுக்கு அப்பால் போன பிறகுதான் சூடை மீனைத் தொங்கு தராசில் போடுவார்.

உடல் கிடைக்கவில்லை. பங்குத் தந்தை இரண்டு தடவை வந்து, இறந்தவருக்கான பூசையை ஒப்புக்கொடுப்போமே என்று கேட்டார். நிறை இருக்கும்வரை ஆளும் இருக்கிறார் என்று சொல்லி டிலக்ஷியின் தாய் மதலேனா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். புருஷன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்று வாசல் படலையையும் அவள் பூட்டுவதில்லை. அப்படியே ஆறு வருடம் போயிற்று. தையலில் வருவது போதாமல் போனபோது, டிலக்ஷிக்கு இங்கே ஒரு வேலை கிடைக்காவிட்டால் இருவரும் பிரான்சிலிருக்கும் மதலேனாவின் தம்பியிடம் போவதென்று முடிவாயிற்று. போனால் வீட்டைப் பூட்ட வேண்டும். அந்த மாதம்தான் பல்கலைக்கழக மண் ஆய்வுகூடமொன்றில் உதவியாளர் வேலைக்கு டிலக்ஷியை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்கள் இருவர். பேராசிரியர் செல்வநாயகம் அமிலத்தில் நீரை ஊற்றுவதா, நீரில் அமிலத்தை ஊற்றுவதா என்று கேட்டார், சரியாகச் சொன்னாள். அந்த வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெறப்போகும் குணலட்சுமிக்கு வேறு கவலை இருந்தது. "பழக்கி எடுத்த கையோடை கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் பறந்திடுறியள். நீர் எப்பிடி?"

"நான் போகேலாது மிஸ். எங்கடை வீட்டுக்கு ஒரு ஆள் வரக் கிடக்கு."

மாப்பிள்ளை வீட்டோடு வரப்போகிறார் என்று எடுத்துக்கொண்டு குணலட்சுமி சிரித்தார்.

பிறகு ஒரு கிராம் கறியுப்பு நிறுக்கச் சொன்னார்கள். அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இலத்திரனியல் தராசு. மூச்சுப் பட்டாலும் இலக்கம் மாறும். டிலக்ஷி முன்னால் இருந்ததும், வெறும் தட்டுக்கு அது தொண்ணூற்றொரு கிராமும் அதற்குப் பின்னால் நாலு தசம இலக்கங்களும் காட்டியது. எழும்பி யன்னலடிக்குப் போனாள், சைபருக்கு வந்தது. திரும்பி வந்தாள், ஏறியது. செல்வநாயகம் தட்டைத் துடைத்துப் பார்த்தார். பிறகு, தகப்பன் எங்கே என்று கேட்டார். சொன்னாள். துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "சரி. சைபராக்கிப்போட்டு நிறும், பிள்ளை" என்றார். ஒரு பொத்தான்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க அமத்துகிற பொத்தான். அவளுடைய விரல் அதன் மேல் போய் நின்றது. அமத்தினால் வேலை, அமத்தினால் அப்பா இல்லை.

"சேர், சைபராக்காமல் கழிச்சு நிறுக்கட்டே?"

முதல் நிறையை எழுதி, உப்பைப் போட்டு, மறுபடி எழுதிக் கழிப்பது. அதுவும் முறைதான், செல்வநாயகம் தலையாட்டினார். முதல் நிறையை எழுதக் குனிந்தபோது டிலக்ஷி கடைசி இலக்கத்தைக் கண்டாள். அது நிற்கவில்லை. ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தது. ஈரமண் காயும்போது இப்படித்தான் குறையும் என்பது குணலட்சுமிக்குத் தெரியும். அவர் எட்டித் தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகும் குறைந்தது. ஆறு வருடமாக லியோனின் தராசு இதைக் காட்டியதில்லை. அதற்கு அவ்வளவு நுணுக்கம் இல்லை. டிலக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறைகிற அளவையும் கணக்கில் சேர்த்து, உப்பைப் பிழையில்லாமல் நிறுத்துக் கொடுத்தாள். வேலை கிடைத்தது. வீட்டைப் பூட்டத் தேவையிருக்கவில்லை.

அதன் பிறகு கொடிகாமத்து மண்ணும் கோப்பாய் மண்ணும் அவளுடைய கையால் நிறுக்கப்பட்டன. அவள் பக்கத்தில் நின்றால் கழித்து எழுத வேண்டும் என்பது புதிதாக வருகிற மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. பின்னேரம் தேத்தண்ணி வைக்கும்போது மதலேனா, "இண்டைக்கு எவ்வளவு நிக்குது?" என்று கேட்பாள். "அப்பிடியேதான் அம்மா" என்பாள் டிலக்ஷி. அறுபது கிராமிலும் அப்படித்தான் சொன்னாள், பதினொரு கிராமிலும் அப்படித்தான் சொன்னாள்.

ஒரு மார்கழி மாதம், மழை பெய்த காலையில், அவள் முன்னால் இருக்கத் தராசு சைபரில் நின்றது. அவள் எழும்பிப் போய்ப் பார்த்தாள், திரும்பி வந்து பார்த்தாள். பிறகு அன்றைய மண்ணை நிறுக்கத் தொடங்கினாள். கழிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வேலை முடிந்து சந்தைக்குப் போனாள். லியோன் பழக்கத்தில் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் அசையவில்லை. வெறும் தராசின் முள் கோட்டிலேயே நின்றது. லியோன் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அரைக் கிலோ சூடையை நிறுத்துப் பையில் போட்டார். பிறகு இன்னுமொரு கைப்பிடியை நிறுக்காமலே அள்ளிப் போட்டார்.

வீட்டில் மதலேனா பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"நிறை கூடக் கிடக்கு."

"லியோன் மாமா போட்டவர்."

எவ்வளவு நிக்குது என்று மதலேனா அன்றைக்குக் கேட்கவில்லை. மீனை வெட்டிக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் போய், படலையைப் பூட்டிவிட்டு வந்தாள்.