பண்டாரி இறங்கிப் போனார்

கலீலுல்லாவுக்கு வளைகுடா நாட்டில் போய் வேலை பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கடையநல்லூரிலிருந்து பதினாறு வயதில் பம்பாய்க்கு வந்தவர், சரக்குக் கப்பல்களில் பண்டாரியாக வேலை பார்த்து உலகத்தில் பாதித் துறைமுகங்களைத் தூரத்திலிருந்தே பார்த்தவர். கப்பலில் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். அந்தக் கப்பல்களை விற்றுவிட்டார்கள். அதன்பின் தாராவியில் ஒரு கோலி பிடித்து, மனைவி சைனபோடும் பிள்ளைகளோடும் அந்த ஒற்றை அறையில் இருந்துகொண்டு, கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்கிப் பிழைத்துவந்தார்.

அறுபத்தாறாம் வருஷம் மழை ஓய்ந்த சமயம் பம்பாய்த் துறைமுகத்துக்கு ஒரு விநோதமான மிதவை வந்தது. கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற மேடை அது. வளைகுடாவில் வேலை செய்துகொண்டிருந்ததைப் பழுது பார்க்க இழுவைக் கப்பல் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். முக்கோணமாக ஒரு பெரிய இரும்புத் தெப்பம். மூன்று மூலையிலும் தெப்பத்தைத் துளைத்துக்கொண்டு வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த மூன்று இரும்புக் கால்கள். துறைமுகக் கூலிகள் அதைப் பார்த்த அன்றே ‘தீன் டாங்’ என்று பெயர் வைத்தார்கள். முக்காலி என்பதற்கு அவர்கள் பாஷை அது.

பழுது பார்க்கும் நாட்களில் சமைக்கவும் துடைக்கவும் கம்பெனி பம்பாயிலேயே ஆள் எடுத்தது. பழுது பார்த்துச் சோதித்து முடிந்ததும் அதே ஆட்களை மேடையோடு வளைகுடாவுக்குக் கூட்டிப் போவதாகவும் சொன்னது. கலீலுல்லாவைத் தலைமைப் பண்டாரியாக எடுத்தார்கள். உதவிக்கு அபுதாஹிர். பாத்திரம் கழுவ வெயிலுமுத்து. இவனுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம், வீடு தாராவியில் அடுத்த சந்து. இன்னும் சிலர். தாராவியே அவர்களைப் பொறாமையோடு பார்த்தது.

மேடையில் ஹரிஹரன் என்று ஒரு இளம் என்ஜினீயர் இருந்தார். மாதுங்காக்காரர், ஐயர் வீட்டுப் பிள்ளை. வெள்ளைக்கார அதிகாரிகளின் மாட்டிறைச்சி வாடைக்குப் பயந்து அவர் வந்த முதல் நாள் பட்டினி கிடந்ததைப் பார்த்து, கலீலுல்லா தனியாக ஒரு பாத்திரம் வாங்கி வைத்து அவருக்குத் தயிர்சாதமும் எலுமிச்சை ரசமும் செய்து கொடுத்தார். யார் கையில் சாப்பிடுகிறார் என்று ஹரிஹரன் வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. சாப்பிட்டபின் சமையலறை பெஞ்சில் உட்கார்ந்து அந்த மேடையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். அவருக்கு அதன்மேல் அப்படியொரு பிரியம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கலீலுல்லா அவர் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டார். தோண்ட வேண்டிய இடம் வரை மேடை தெப்பமாக மிதந்து போகும். கால்கள் மேலே தூக்கியிருக்கும். இடம் வந்ததும் கால்களைக் கீழே விடுவார்கள். ஆழமில்லாத கடல்தான் அதற்கு ஏற்றது. கால் தரையைத் தொட வேண்டுமே. ஒவ்வொரு காலுக்கும் அடியில் யானைப் பாதம் போல அகன்ற இரும்புப் பாதம் உண்டு. அது சேற்றில் பதிந்ததும் எந்திரங்கள் தெப்பத்தையே காலின்மேல் ஏற்றும். தென்னை மரத்தில் ஆள் ஏறுகிற மாதிரி, பிடித்து, எழும்பி, மறுபடி பிடித்து. கடைசியில் தெப்பம் அலைக்கு எட்டாத உயரத்தில் வீடு மாதிரி நிற்கும். அலை கால்களுக்கு நடுவே வந்து போகும்.

“ஆனா நேரா உசரத்துக்கு ஏத்திட மாட்டா, பாய்,” என்றார் ஹரிஹரன் ஒரு நாள். “கீழே மண்ணு எப்படின்னு யாருக்குத் தெரியும்? மேலாக்க கெட்டியா இருக்கும், அடியிலே களியா இருக்கும். அதனாலே தண்ணிக்கு மேலே ஒரு கை உசரத்துக்கு மட்டும் தூக்கி வெச்சுண்டு, தெப்பத்துக்குள்ளே இருக்கற தொட்டிகள் பூராவும் கடல் தண்ணியை ரொப்புவா. என்னிக்காவது புயல்லே என்ன பாரம் வருமோ அந்தப் பாரத்தை இப்பவே குடுத்துப் பாக்கறது. கால் எத்தனை இறங்கணுமோ இறங்கட்டும்னு காத்திண்டிருப்பா. அது நின்னுடுத்துன்னா தண்ணியை வடிச்சுட்டு மேலே ஏறிக்கலாம்.”

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று கலீலுல்லா கேட்டார். ஒரு கால் மட்டும் திடீரென்று உள்ளே போனால் மேடை சாயும், கால் முறியவும் முறியலாம், அதற்காகத்தான் அந்த நேரத்தில் எந்திரத்தில் கை வைக்க வேண்டியவனைத் தவிர ஒருத்தரும் மேலே இருக்கக்கூடாது என்று ஹரிஹரன் சொன்னார். ரொம்பப் பெருமையாகச் சொன்னார்.

அக்டோபரில் அந்தச் சோதனை நாள் வந்தது. வெளித்துறைமுகத்தில் கால்களை இறக்கி, காலையில் தெப்பத்தைத் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் எழுப்பி நிறுத்தினார்கள். பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து லாஞ்ச் வந்து ஏணியடியில் நின்றது. பெயிண்ட் அடிப்பவர்கள், வெல்டர்கள், குமாஸ்தா, கம்பெனி ஆபீசிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த இரண்டு துரைமார் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். இறங்க வேண்டியவர்களின் பெயரை ஹரிஹரன்தான் வாசித்தார். சமையலறை ஆட்களின் பெயர் அதில் இல்லை.

கலீலுல்லா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவரிடம் கேட்டார். பார்ஜ் மாஸ்டரின் உத்தரவு என்றார் ஹரிஹரன், முகத்தைப் பார்க்காமல். மேடைக்கே பொறுப்பான வெள்ளைக்காரர் அந்த பார்ஜ் மாஸ்டர். வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானம் சூடாகச் சாப்பாடு வேண்டும், மணிக்கொரு தரம் டீ வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

கலீலுல்லா சண்டைக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தால் சோறும் கறியும் ஆக்கி மூடி வைத்துவிட்டு, டீயைப் பெரிய பிளாஸ்குகளில் ஊற்றி வைத்துவிட்டு, நாங்களும் லாஞ்சில் போகிறோம், தண்ணீரை வடித்ததும் திரும்பி வருகிறோம் என்றார். ஹரிஹரன் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சமையல்காரன் சமைக்கட்டும், பிடிக்காதவன் இறங்கலாம், ஆனால் திரும்பி ஏற முடியாது என்று பதில் வந்தது.

லாஞ்சில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கலீலுல்லா சமையலறைக்குள் போனார். உலையில் அரிசி முக்கால் பதம் வெந்திருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. வேக விட்டு, வடித்து, கறியைத் தாளித்து இறக்கி, எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக மூடி வைத்தார். ஹரிஹரனின் தயிர்சாதத்தைத் தனியாக வைத்தார். பிறகு அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார். நான் போகிறேன், வருகிறவன் வரலாம், வராதவனைக் குறை சொல்ல மாட்டேன் என்றார். அபுதாஹிர் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுக்க வளைகுடாவைத்தான் நம்பியிருந்தான். வெயிலுமுத்து மட்டும் கை ஈரத்தோடு பின்னால் வந்தான்.

ஏணியின் மேல்படியில் பார்ஜ் மாஸ்டர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். பயமா என்று இந்தியில் கேட்டார். அந்த ஒரு சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

கலீலுல்லா ஹரிஹரனைப் பார்த்துத் தமிழில் சொன்னார். “சார், நான் சொல்லுதத அப்பிடியே அவர்ட்ட சொல்லுங்க. பயந்து போகல. அந்தா லாஞ்சில இருக்காரே ஆபீஸ் துரை, அவரு உசுரு இங்க நிக்கக்கூடாதுன்னு இறக்கி விட்டீங்க. சரிதான். எங்க உசுருக்கு மட்டும் ஒரு வேள சுடுசோறுதான் மதிப்புன்னு நீங்க முடிவு பண்ணீங்க பாருங்க, அதுக்கு எனக்குச் சம்மதமில்ல. சோறு மேசையில இருக்கு. சூடாத்தான் இருக்கு.”

ஹரிஹரன் எவ்வளவு மொழிபெயர்த்தார் என்று தெரியாது. பார்ஜ் மாஸ்டரின் முகம் சிவந்தது. வழியை விட்டார். கலீலுல்லா லாஞ்சில் இறங்கி, ஆபீஸ் துரைமார் உட்கார்ந்திருந்த நிழல் பெஞ்சில், அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. கால்கள் ஒரு முழம் பதிந்து நின்றுவிட்டன. மேடை அசையாமல் நின்றது. சாயங்காலம் தண்ணீரை வடித்து மேலே ஏறிக்கொண்டது.

லீவில் வந்த அபுதாஹிர் இதைச் சொல்ல விரும்பாமல்தான் சொன்னான். மறுநாளே தாராவி முழுக்கப் பரவிவிட்டது. கிளாஸில் வைத்த டீகூட ஆடவில்லையாம், பண்டாரி உயிருக்குப் பயந்து வளைகுடாவை விட்டெறிந்தானாம் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் நயினார். அவரும் கல்யாணச் சமையல்காரர்தான். காலியான இடம் தனக்குக் கிடைக்கும் என்று, கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டைப் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

கலீலுல்லாவுக்கு உள்ளுக்குள் வலித்தது. வளைகுடா கைக்கு வந்து போனது ஒரு வலி. தன்னைக் கோழை என்கிறார்கள் என்பது இன்னொன்று. சைனப் முதல் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குழாயடியில் ஒருத்தி, உன் புருஷன் சொன்ன மாதிரி அந்த மேடை விழவில்லையாமே என்று கேட்டாள். சைனப் குடத்தைக் கீழே வைத்தாள்.

“விழும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லலையே. விழுந்தாலும் விழலாம்னு மேடக்காரங்களே சொல்லித்தானே துரைமார இறக்கிவிட்டாங்க? விழுந்திருந்தா இவரு புத்திசாலி, விழலன்னா கோழையா? நல்லா இருக்கு உங்க நியாயம்.”

வீட்டுக்கு வந்து அதைக் கணவரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு, அந்தச் சிரிக்கிற ஆட்களைக் கூப்பிட்டு, மண் எப்படி ஏமாற்றும் என்று காட்டினால் என்ன என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர்களையும், லீவில் இருந்த அபுதாஹிரையும், நயினாரையும் கலீலுல்லா மாஹிம் காடி என்கிற உப்பங்கழி ஓரத்துக்கு அழைத்துப் போனார். தண்ணீர் வற்றியிருந்த நேரம். வெயிலில் காய்ந்த சேறு மேலே ஓடு கட்டி, ஆள் நடக்கலாம் போலத் தோன்றியது. அதன்மேல் மூன்று செங்கல்லை வைத்து, பிரியாணி ஆக்கும் தன் பெரிய தேக்சாவை ஏற்றினார். வெயிலுமுத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். விளிம்பு வரை நிறைந்தது. தேக்சா நின்றது.

நயினார் சிரித்தார். கலீலுல்லா தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடி ஊற்றினார்கள். மறுபடியும் நின்றது. சிலர் கிளம்பவே ஆரம்பித்தார்கள். மூன்றாவது இடத்தில் பாதிக்கு மேல் ஊற்றியபோது ஒரு செங்கல் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. தேக்சா புரண்டு, சேறும் தண்ணீருமாக நயினாரின் வேட்டியை முழங்கால் வரை நனைத்தது.

“ரெண்டு தடவ நின்னுச்சே,” என்றார் நயினார், வேட்டியை உதறிக்கொண்டு.

“ஆமா, நின்னுச்சு. அன்னைக்கும் நின்னுச்சு. வளைகுடாவுல ஒவ்வொரு எடத்துலயும் கால இறக்கி இதத்தான் செய்வாங்க. ஊத்துதவன் பக்கத்துல நின்னுதான் ஆகணும், அது அவன் வேல. டீ போடுதவன் எதுக்கு நிக்கணும்? போங்க, வேல பாருங்க, நான் தடுக்கல. கேட்டுட்டுப் போங்கன்னுதான் சொல்லுதேன்.”

நயினார் வேட்டியைப் பிழிந்துகொண்டே போனார். ஆனால் ஏஜெண்டிடம் போனவர், தண்ணீர் ரொப்புகிற நாளில் சமையல் ஆட்களையும் லாஞ்சில் இறக்குவீர்களா என்று கேட்டார். ஏஜெண்டுக்கு அவர் பேசுவதே புரியவில்லை. தாராவியில் அடுத்துப் பார்த்த சமையல்காரரும் அதையே கேட்டதும், கலீலுல்லா ஊரைக் கெடுக்கிறான் என்று ஏஜெண்ட் கத்திவிட்டுப் போனார். கொஞ்ச நாள் மேடையில் ஆளில்லாமல் அபுதாஹிரே சமைத்தான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரிஹரன் தாராவிக்கு வந்தார். மாதுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவிதான். ஆனாலும் அவர் வருவது அதுவே முதல் தடவை. கூட வழிகாட்டியாக அபுதாஹிர். கோலி வாசலில் நின்றவரை சைனப் உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

மேடையை வேறு இடத்துக்கு மிதக்க விட்டு இரண்டாவது சோதனை நடந்ததை அவர் சொன்னார். லாஞ்ச் வந்ததும் அபுதாஹிரும் மற்றவர்களும், யாரும் சொல்லாமலே, அடுப்பை அணைத்துவிட்டு ஏணியடியில் வந்து நின்றார்களாம். பெயர் வாசிக்கும் காகிதத்தில் அவர்கள் இல்லை. ஹரிஹரன் வாசித்துக்கொண்டே வந்து, கடைசியில், காகிதத்தில் இல்லாததை, ‘கிச்சன் ஆட்கள் எல்லாரும்’ என்று சேர்த்து வாசித்துவிட்டார். பார்ஜ் மாஸ்டர் ஓடி வந்து கேட்டபோது லாஞ்ச் புறப்பட்டிருந்தது. அன்றும் மேடை ஆடாமல்தான் நின்றது. மேலே இருந்தவர்கள் காலையில் செய்த ரொட்டியைத் தின்றார்கள்.

“அன்னிக்கு உங்களுக்கும் நான் அப்படி வாசிச்சிருக்கணும், பாய்,” என்றார் ஹரிஹரன். “எனக்குத் தெரிஞ்சுதான் வாசிக்கலை.”

இப்போது சமையல் ஆட்களின் பெயரும் அந்தக் காகிதத்தில் ஏறிவிட்டது, ஹரிஹரனுக்குத்தான் வளைகுடா இல்லை, ஆபீசில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அபுதாஹிர் இடையில் சொன்னான். ஹரிஹரன் வேறொன்று சொல்ல வந்திருந்தார். பார்ஜ் மாஸ்டருக்கு நாக்கு செத்துவிட்டது, அன்றைக்கு மரியாதையில்லாமல் பேசியதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் கலீலுல்லாவைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இரண்டு வாரத்தில் மேடை புறப்படுகிறது.

சைனப் கணவரின் முகத்தையே பார்த்தாள். அவருக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத் தெரியும்.

“கேட்ட ஞாயம் சரின்னு எழுதி வச்சிட்டாரு,” என்றார் கலீலுல்லா மெதுவாக. “கேட்டது மட்டும் தப்பா? அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு இவன் கேக்க வேண்டியது வரும்போது வாய் தொறக்க மாட்டான்.” அபுதாஹிரைக் காட்டினார். “வரலன்னு சொல்லிருங்க சார். கறிக்கு மல்லிய வறுத்துப் போடச் சொல்லுதேன் இவன்ட்ட. அவரு நாக்கு பொழச்சுக்கிடும்.”

சைனப் எழுந்து டீ போடப் போனாள்.

மேடை புறப்பட்ட அன்று கலீலுல்லா செம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு ஆக்கிக்கொண்டிருந்தார். அபுதாஹிரும், காலி இடத்துக்குக் கடைசியில் எடுத்த நயினாரும் அதில் போய்விட்டார்கள் என்று வெயிலுமுத்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னான். நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்றான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயம்தானா என்று கலீலுல்லா கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

“நீ அன்னைக்கு இறங்கினதுக்கு வருத்தப்படுதியால?” என்று கேட்டார்.

வெயிலுமுத்து யோசித்தான். இல்லை என்று தலையாட்டினான்.

“நானும் படல,” என்று சொல்லிவிட்டு, கலீலுல்லா தம் போட்ட பிரியாணியைத் திறந்து பார்க்கப் போனார்.