எல்லா ரூமும்

மோகனப்பிரியாவின் பையை வாசலில் கொண்டுவந்து போட்டது யாரென்று யாரும் சொல்லவில்லை. கடலோரக் குப்பத்திலிருந்து ஜவுளிக்கடை வேலைக்காக அந்த மஞ்சக்குப்பம் பெண்கள் விடுதிக்கு வந்து அவளுக்கு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இவ மூட்டையோடதான் மூட்டைப்பூச்சியும் வந்துருக்கு" என்றாள் அறைத்தோழி சுவேதா.

விடுதியை நடத்தும் அஞ்சம்மாள் கையைப் பிசைந்தாள். "நான் என்னாம்மா பண்றது? பேரு கெட்டுட்டா யாரு வந்து தங்குவாங்க? நீ வேற எடம் பாத்துக்க."

மோகனப்பிரியா அழவில்லை. பையின் ஜிப்பை மூடுவதிலேயே குறியாக இருந்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது.

படிக்கட்டில் நின்ற சிந்துஜாவும் அதே அறைதான். பொங்கலுக்கு முன்பிருந்தே அவளுக்குக் கடி. குமராட்சியில் நடவுக்குப் போய் அம்மா படிக்கவைத்த பெண். மூட்டைப்பூச்சி என்று வாயைத் திறந்தால் பேச்சு தன் ஊருக்கும் வீட்டுக்கும் போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கொசு என்றாள், வேர்க்குரு என்றாள், வெயிலிலும் முழுக்கை போட்டாள். இப்போது அந்தப் பேச்சு வேறொருத்தி தலையில் விழுந்திருக்கிறது.

இறங்கி வந்து கையைச் சுருட்டிக் காட்டினாள். "ஆண்ட்டி, இவ வர்றதுக்கு முன்னாடியே எனக்குக் கடிக்குது. வெக்கப்பட்டுச் சொல்லல. அனுப்புறதுன்னா என்னயும் அனுப்புங்க."

வரிசையாகச் சிவந்த தடிப்புகள். பிறகு மாடி அறைப் பெண் ஒருத்தி, "எனக்கும் காலுல இருக்குக்கா" என்றாள். சுவேதா முதுகைச் சொறிந்தபடி வேறெங்கோ பார்த்தாள்.

அஞ்சம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "போன வருஷமே மேல ஒரு ரூமுக்கு மட்டும் மருந்து அடிச்சேன், யாருக்கும் தெரியாம. அதான் மத்த ரூமுக்கெல்லாம் ஓடிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை எல்லா அறையும் வெளியே வந்தது. துணிகள் வெந்நீரில் ஊறின, மெத்தைகள் மொட்டைமாடி வெயிலில் கிடந்தன. கட்டில் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றினார்கள். சுவர் விரிசலை சிமெண்ட் பூசி அடைத்தார்கள். எல்லா அறைக்கும் மருந்து அடித்தவர், முட்டை பொரிந்து மறுபடி வரும், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிப் போனார். மோகனப்பிரியாவின் பை உள்ளே வந்தது. அவள் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட சுவேதா ஒரு பக்கம் பிடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, செல்போன் வெளிச்சத்தோடு கட்டிலடியில் படுத்திருந்த மோகனப்பிரியா விடுதி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "அக்கா! இங்க ஒன்னு ஓடுது!"

மூன்று அறைக் கதவுகள் திறந்தன. ஆவி பறக்கும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு சுவேதா ஓடிவந்தாள்.